பூவின் நிறத்தை ஓதியவர்: பேராசிரியர் டி. ஆர். சேஷாத்திரி

வடலூருக்கு அண்டையில் வாழும் நமக்குக் கரிசலாங்கண்ணியை யாரும் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. வள்ளற்பெருமான் உயர்த்திப் பேசிய கீரை அது. காமாலை என்றால் கரிசாலை என்பது நம் ஊர்ப் பாட்டிமார்க்கும் தெரியும். ஆனால் அக்கீரையின் சாற்றில் இருப்பது யாது, ஈரலுக்கு நன்மை செய்வது அதிலுள்ள எந்தப் பொருள் என்று கேட்டால் நம்மில் பலர் விடையின்றி நிற்போம். மஞ்சள் கரிசாலையிலிருந்து வெடலோலாக்டோன் என்னும் சேர்மத்தைப் பிரித்து, அதன் அமைப்பை 1956இல் வெளியிட்டவர்கள் சென்னை மாநிலக் கல்லூரியைச் சேர்ந்த டி. ஆர். கோவிந்தாச்சாரியும் அவர்தம் துணைவர்களும் ஆவர். ஈரலைக் காக்கும் ஆற்றல் அச்சேர்மத்துக்கும் அதன் உறவுச் சேர்மத்துக்கும் உரியது என்பதை ஜெர்மானிய அறிஞர் வாக்னரின் குழுவினர் 1986இல் காட்டினர். கீரையைச் சொன்னவர் ஒருவர். உட்பொருளைக் கண்டவர் ஒருவர். அதன் செயலை அளந்தவர் ஒருவர். இடையில் நூறாண்டுக்கு மேல் ஓடிவிட்டது.

நடுவில் உள்ள அந்தப் பணியை, அதாவது செடியின் உட்பொருளைப் பிரித்தெடுத்து இன்னதென்று அறுதியிடும் பணியை, இந்திய மண்ணில் ஒரு தனித் துறையாக வேரூன்றச் செய்தவர்களுள் தலையாய ஒருவர் கோவிந்தாச்சாரிக்கு ஒரு தலைமுறை முன்னே அதே மாநிலக் கல்லூரியில் பயின்றவர். காவிரிக் கரையில் பிறந்த தமிழர். திருவேங்கட ராஜேந்திர சேஷாத்திரி என்பது முழுப்பெயர். அறிவியல் உலகம் டி. ஆர். சேஷாத்திரி என்றே அறியும். கவிஞர்கள் நிறைந்த இப்பத்தாம் ஆண்டு மலரில் ஒரு வேதியியலாரை நடுவே அமர்த்துவது ஏன் என்று அன்பர்கள் வினவக்கூடும். பூவின் நிறத்தை நாம் பாடுகிறோம். அந்நிறம் எதனால் ஆனது என்று ஒருவர் தம் வாழ்நாளெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். அவரை நாம் அறியாதிருப்பது முறையன்று என்பதே என் விடை.

1900ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 3ஆம் நாள் அன்றைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்துக் குளித்தலையில் அவர் பிறந்தார். தந்தையார் பள்ளி ஆசிரியர். அன்னையார் நாமகிரி அம்மாள். ஆண்மக்கள் ஐவருள் இவர் மூன்றாமவர். ஆசிரியர் வருவாயில் ஐந்து பிள்ளைகளைப் படிக்கவைப்பது அந்நாளில் எளிதன்று. திருவரங்கத்திலும் திருச்சியிலும் பள்ளிக்கல்வியை முடித்து 1917இல் மாநிலக் கல்லூரியில் வேதியியல் சிறப்புப் பட்ட வகுப்பில் சேர்ந்தபோது, கைகொடுத்தது இராமகிருஷ்ண இயக்கம். பட்டம் பெற்றதும் ஓராண்டு முழுவதும் அவ்வியக்கத்தின் பணியிலேயே இருந்துவிட்டுத்தான் ஆராய்ச்சிக்குத் திரும்பினார். வாங்கிய உதவியைத் தம் வாழ்வின் ஓராண்டால் திருப்பிச் செலுத்தும் இளைஞரை இன்று காண்பது அரிது.

சென்னையில் அவருக்கு வழிகாட்டியவர் பிமன் பிகாரி தே என்னும் வங்கப் பேராசிரியர். கூமரின் என்ற சேர்ம இனம் தேயின் ஆய்வுக் களம். உலர்ந்த புல்லிலிருந்து எழும் இனிய மணத்துக்குக் காரணமான பொருள் அது. கரிசாலையின் வெடலோலாக்டோனிலும் அதே கூமரின் வளையம் உண்டு என்பதை இங்கே குறித்துக்கொள்வோம். இக்காலத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வெட்டர்பர்ன் பரிசும் கர்சன் பரிசும் சேஷாத்திரிக்குக் கிட்டின. 1927இல் அரசின் உதவித்தொகையோடு இங்கிலாந்து சென்றார்.

மான்செஸ்டரில் அவரை ஏற்றுக்கொண்டவர் இராபர்ட் இராபின்சன். பின்னாளில், 1947இல், செடிப்பொருள் ஆய்வுக்காக நோபல் பரிசு பெற்ற மேதை. பூக்களின் சிவப்பும் நீலமும் ஊதாவும் ஆகிய நிறங்களைத் தரும் ஆந்தோசயனின்களை ஆய்வுக்கூடத்தில் செய்து பார்ப்பதில் இராபின்சன் முனைந்திருந்த காலம் அது. மலேரியாவுக்கான மருந்துப் பொருள்களையும் இந்நிற ஆய்வையும் சேஷாத்திரி ஒருங்கே பயின்று 1929இல் முனைவர் பட்டம் பெற்றார். மருந்தும் நிறமும் என்ற அந்த இரட்டை நோக்கம் அவரை விட்டு நீங்கவே இல்லை.

நாடு திரும்புமுன் அவர் தங்கிய இடங்கள் இரண்டு. இரண்டும் சிறிது காலமே எனினும் அவற்றைக் கடந்து செல்ல எனக்கு மனமில்லை.

ஒன்று, ஆஸ்திரியாவில் பிரெகல் என்பவரின் ஆய்வுக்கூடம். நுண்பகுப்பாய்வுக்காக 1923இல் நோபல் பரிசு பெற்றவர் பிரெகல். ஒரு பொருளில் கரியும் ஹைட்ரஜனும் எவ்வளவு என்று அறிய, அதனை எரித்து, வெளிவரும் கரியமில வாயுவையும் நீரையும் பிடித்து எடைபோட வேண்டும். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியின் கூறுகளைக் கணக்கிட்ட அன்பர்கள் நம் பகுதியில் பலர். அவர்களுக்கு இம்முறை கைப்பழக்கம். நிலக்கரிக்குப் பஞ்சமில்லை, ஒரு வண்டி கேட்டால் ஒரு வண்டி கிடைக்கும். பூவிதழின் நிறமி அத்தகையதன்று. கூடை கூடையாகப் பூவை உலர்த்திப் பிழிந்தாலும் இறுதியில் தேறுவது சிட்டிகையளவுப் படிகம். அதில் பெரும்பகுதியை எரித்துவிட்டால் மேற்கொண்டு ஆராய என்ன மிஞ்சும்? சில மில்லிகிராம் பொருளைக் கொண்டே துல்லியமாகக் கணக்கிடும் வழியைப் பிரெகல் வகுத்திருந்தார். அதனை அவரிடமே நேரில் கற்றுக்கொண்டு வந்தார் சேஷாத்திரி.

மற்றொன்று எடின்பரோ. அங்கு ஜார்ஜ் பார்ஜர் என்னும் அறிஞரோடு ரெட்ரோர்சின் என்ற காரப்பொருளை ஆராய்ந்தார். தென்னாப்பிரிக்காவில் மேய்ச்சல் மாடுகளின் ஈரலைக் கெடுத்துக் கொன்ற செனிசியோ இனச் செடிகளின் நஞ்சு அது. அவ்வாய்வு 1935இல் வெளியாயிற்று. செடி என்றாலே நன்மை, பச்சிலை என்றாலே தீங்கில்லை என்று மேடையில் முழங்குவோர் இந்த ஒரு செய்தியை நினைவில் வைத்தல் வேண்டும். ஈரலைக் காப்பதும் செடி. ஈரலை அழிப்பதும் செடி. 1970களின் நடுவில் அன்றைய மத்தியப் பிரதேசத்துச் சர்குஜாப் பகுதியில், சிறுதானியத்தில் கலந்துவிட்ட கிலுகிலுப்பை விதைகளால் ஏழை மக்கள் ஈரல் நோயுற்று மாண்டனர். நம் பிள்ளைகள் காயைக் குலுக்கி விளையாடும் செடியின் இனந்தான் அது. அந்நஞ்சும் ரெட்ரோர்சின் சேர்ந்த அதே குடும்பத்தது. உட்பொருளை அறியும் ஆய்வு படிப்பாளியின் பொழுதுபோக்கு என்று எண்ணுவார்க்கு இதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை.

1930இல் தாயகம் திரும்பியவருக்கு உடனே தக்க பதவி அமையவில்லை. சில காலம் சென்னையில் ஆய்வாளர்; பின்பு கோயம்புத்தூர் வேளாண் கல்லூரியில் மண் பகுப்பாய்வுப் பணி. நோபல் மேதைகள் இருவரிடம் பயின்றவர் வயல் மண்ணை அளந்துகொண்டிருந்தார். அதற்காக அவர் மனம் சுணங்கியதாகத் தெரியவில்லை. செடிகளின் ஆய்வை அங்கும் தொடர்ந்தார். 1933இல் வால்டேரிலுள்ள ஆந்திரப் பல்கலைக்கழகம் அவரை அழைத்து வேதியியல் துறையை ஒப்படைத்தது. 1937இல் பேராசிரியர் ஆனார். வேதித் தொழில்நுட்பமும் மருந்தியலும் அங்கே தனிப் பிரிவுகளாக உருப்பெற்றதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு.

வால்டேர் ஆண்டுகளே அவர் வாழ்வின் வளமான பருவம் என்பது என் கருத்து. பின்னாளைய தில்லிப் பெருமைகள் எல்லாம் இங்கே விதைத்தவற்றின் விளைச்சலே.

இன்றுள்ளவை போன்ற நிறமாலைக் கருவிகள் அந்நாளில் கிடையா. இன்று ஒரு சேர்மத்தின் அமைப்பைப் பொறிகள் சில மணி நேரத்தில் வரைந்து காட்டிவிடும். அன்று அதற்குக் கண்ணும் கையும் பொறுமையும்தாம் கருவிகள். பூவிதழ்களை உலர்த்தி, ஆல்ககாலில் ஊறவைத்து, வடித்த சாற்றைச் சுண்டவைத்து, ஈய உப்பைச் சேர்த்து நிறமியை வீழ்படிவாக்கி, அதிலிருந்து ஈயத்தை நீக்கி, மீண்டும் கரைத்து, படிகம் இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். கிடைத்த படிகத்தை எரிகாரத்தோடு கொதிக்கவைத்தால் மூலக்கூறு இரு துண்டாக உடையும். துண்டுகள் இரண்டும் ஏற்கெனவே அறிந்த பொருள்களாயின், முழுவடிவம் இன்னதாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்று பின்னோக்கி ஊகிக்கலாம். அவ்வூகம் சரியா என்பதற்கு ஒரே சான்று, அதே வடிவத்தை எளிய பொருள்களிலிருந்து தாமே கட்டிப் பார்த்து, செடி தந்ததோடு ஒப்பிடுதல். சிதைந்த ஏட்டின் இரு நறுக்குகளைக் கொண்டு பாட்டின் முழுவடிவை மீட்கும் பதிப்பாசிரியரின் உழைப்போடு இதனை ஒப்பிடலாம். ஆனால் பதிப்பாசிரியருக்கு இல்லாத ஒரு நல்வாய்ப்பு வேதியியலாருக்கு உண்டு. அவர் தம் ஊகத்தை மூலத்தோடு நேருக்குநேர் வைத்து ஒப்புநோக்க முடியும்.

அவர்தம் குழு முதலில் எடுத்துக்கொண்டவற்றுள் ஒன்று பருத்திப் பூ. நீலகண்டம் என்னும் துணைவரோடு இந்தியப் பருத்தி வகைகளின் பூக்களை ஆராய்ந்து, கோசிப்பின் முதலான மஞ்சள் நிறமிகளைப் பிரித்தார். அடுத்துப் புளிச்சை. கோங்கூரா இல்லாமல் ஆந்திர நாட்டில் விருந்தில்லை. அதன் கீரையை ஊரே உண்டுகொண்டிருக்க, பூவைக் கொய்து ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோனார் சேஷாத்திரி. சூரியபிரகாச ராவ் என்பாரோடு சேர்ந்து ஹிபிஸ்கிட்ரின், கன்னாபிஸ்கிட்ரின் என்று புதிய நிறமிகளுக்குப் பெயரிட்டார். ஆமணக்கு எண்ணெய்க்கும் வேப்பெண்ணெய்க்கும் அடுத்து நம் வீடுகளில் புழங்கிய புங்கெண்ணெயும் தப்பவில்லை. இரங்கசாமி என்னும் துணைவரோடு புங்கின் விதையிலிருந்து பொங்கமால் என்ற பொருளையும், வேர்ப்பட்டையிலிருந்து கானுகின் என்ற பொருளையும் பிரித்தெடுத்தார். புங்கனைத் தெலுங்கர் கானுக என்பர். ஊர் மக்கள் வழங்கும் பெயர் உலக வேதியியல் அகராதியில் ஏறிவிட்டது. பொங்கமால் என்பதிலும் புங்கின் ஒலி கேட்கிறது அல்லவா!

இந்நிறமிகளில் பெரும்பாலானவை ஃபிளேவனாய்டு என்னும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆறு கரி அணுக்கள் கொண்ட ஒரு வளையம், மூன்று கரி அணுக்களாலான ஒரு பாலம், மறுபக்கம் ஆறு கரி அணுக்கள் கொண்ட மற்றொரு வளையம்: ஆகப் பதினைந்து. இந்தப் பதினைந்து கரி எலும்புக்கூட்டில் ஆக்சிஜன் எங்கெங்கே ஏறுகிறது, மீத்தைல் தொகுதி எங்கே ஒட்டுகிறது, சர்க்கரை எங்கே பிணைகிறது என்பதைப் பொறுத்து நிறம் மாறும், சுவை மாறும், உயிர்கள்மீது அதன் செயலும் மாறும். செடியானது ஒவ்வொரு நிறமியையும் புதிதாக அடிமுதல் கட்டுகிறதா, அன்றி ஓர் எளிய அடிப்படையை வைத்துக்கொண்டு மேன்மேலும் மாற்றங்கள் செய்கிறதா என்ற வினா அவருக்கு எழுந்தது. காரக் கரைசலில் பொட்டாசியம் பெர்சல்பேட்டைக் கொண்டு எளிய நிறமியின் வளையத்தில் மேலும் ஓர் ஆக்சிஜனை ஏற்றிக் காட்டினார். கருவில் ஆக்சிஜனேற்றம் என்று அம்முறைக்குப் பெயர். ஆய்வுக்கூடத்தில் எளிதாக நிகழும் அப்படியே செடியிலும் நிகழக்கூடும் என்பது அவர் கருத்து. ஒரே யாப்பில் எத்தனை எத்தனைப் பாடல்கள் என்று வியப்போர்க்கு இக்கருத்து அயலானதாக இராது. அவர் வரைந்த வழிகள் எல்லாம் பின்னாளைய சோதனைகளில் அப்படியே நிலைக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். எனினும் பொது அடிப்படைமீது பிற்படியில் ஆக்சிஜன் ஏறுகிறது என்ற மையக்கருத்துக்கு நொதி ஆய்வுகள் பல இடங்களில் சான்று தந்துள்ளன.

செயலை அறியும் பணியையும் அவர் விட்டுவைக்கவில்லை. மீன்களை மயக்கிப் பிடிக்கச் செடிகளை நீரில் கலப்பது நம் நாட்டுப் பழைய வழக்கம். அத்தகைய செடிப்பொருள்கள் பூச்சிகளையும் கொல்வன. மூர்த்தி முதலானோரோடு சேர்ந்து, கூமரின், ஃபிளேவனாய்டு இனப் பொருள்களைச் சிறு மீன்கள் நீந்தும் நீரில் இட்டு, எது எவ்வளவு விரைவில் மயக்குகிறது என்று வரிசைப்படுத்தினார். மூலக்கூற்றின் எந்த உறுப்பை மாற்றினால் நஞ்சு மிகும், எதை மாற்றினால் குறையும் என்பதே தேடல். விலை உயர்ந்த கருவி ஒன்றும் வேண்டாத ஆய்வு. ஒரு தொட்டி, சில மீன்கள், ஒரு கடிகாரம். வறிய நாட்டின் ஆய்வுக்கூடத்தில் எதைச் செய்ய இயலும் என்று தெளிந்தவரின் திட்டம் இது.

1942 ஏப்ரல் 6ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் விசாகப்பட்டினத்தின்மீது குண்டு வீசின. பல்கலைக்கழகம் குண்டூருக்கு இடம்பெயர்ந்தது. வடிகலங்களையும் தராசுகளையும் மூட்டை கட்டிக்கொண்டு மாணவர்களும் ஆசிரியர்களும் போக வேண்டியதாயிற்று. புளிச்சைப் பூவின் நிறமிகளும் பொங்கமாலும் அச்சேறிய காலம் அதுவே என்பதை எண்ணும்போது வியப்பு மேலிடுகிறது. சர் சி. வி. இராமன் பெங்களூரில் 1934இல் நிறுவிய இந்திய அறிவியல் கழகத்தின் நடவடிக்கை ஏடுகளைப் புரட்டினால், போர்க்காலத்து இதழ்களிலும் அவர் பெயரைக் காணலாம். வெளிநாட்டு ஏடுகளை மட்டுமே நம்பியிராமல் நம் நாட்டு ஏட்டில் தொடர்ந்து எழுதியதை அவர்தம் நாட்டுப்பற்றின் அடையாளமாக நான் கொள்கிறேன்.

கடற்கரை மரங்களிலும் பாறைகளிலும் படரும் கற்பாசிகளையும் அவர் ஆராய்ந்தார். பூஞ்சையும் பாசியும் கூடி வாழும் விந்தை உயிர் அது. கறிமசாலையில் நாம் இடும் கல்பாசி அவ்வினத்தது. ரொசெல்லா என்னும் கற்பாசியிலிருந்து எரித்ரின், லெகனோரிக் அமிலம் ஆகியவற்றோடு மாண்டாக்னெட்டால் என்ற பொருளையும் அவர் குழு கண்டறிந்தது.

1949இல் தில்லிப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் சர் மாரிஸ் குவையர் விடுத்த அழைப்பை ஏற்றுத் தில்லி சென்றார். பெருமைகள் வரிசையாக வந்தன. 1960இல் இலண்டன் ராயல் கழக உறுப்பினர், 1963இல் பத்மபூஷண், 1967இல் இந்திய அறிவியல் மாநாட்டின் பொதுத் தலைவர். இப்பட்டியலை நீட்ட நான் விரும்பவில்லை. நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் அவரிடம் ஆய்வு செய்து முனைவர் ஆயினர் என்பதும், ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் வெளிவந்தன என்பதும் பதவிகளைவிடப் பெரியவை. இந்தியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் செடிப்பொருள் வேதியியல் கற்பித்தோர் அவர் மாணவராகவோ மாணவரின் மாணவராகவோ இருந்தனர். வைட்டமின்களையும் ஹார்மோன்களையும் பற்றி நூல் எழுதிய அவரே இந்தியாவின் அறிவியல், சமயப் பண்பாடுகள் பற்றியும் ஒரு நூல் எழுதினார். இளமையில் இராமகிருஷ்ண இயக்கம் ஊட்டிய உணர்வு முதுமைவரை உடன்வந்தது எனலாம்.

இங்கே ஒரு வினாவை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். இத்தனை செடிகளை ஆராய்ந்தாரே, மருந்துக்கடையில் இன்று நாம் வாங்கும் மருந்து எதிலேனும் அவர் பெயர் உண்டா? இல்லை. ஆடாதொடையின் வாசிசின் என்ற பொருள் வழிகாட்ட, புரோம்ஹெக்சின் என்ற இருமல் மருந்து பிறந்தது போன்ற கதை அவர் வாழ்வில் இல்லை. அவர் பிரித்த கோசிப்பினுக்கு வீக்கம் தணிக்கும் பண்பு உண்டென்று பின்னாளில் பிறர் விலங்குகளிடத்துச் செய்த ஆய்வுகளில் கண்டனர். அது மருந்தாக வளரவில்லை. இதனைக் குறையென்பார் உளர். ஓலைச்சுவடியில் எல்லாம் இருக்கிறது, இனி ஆராய ஒன்றுமில்லை என்பாரும், இலையும் தழையும் மருந்தாகுமா என்று நகைப்பாரும் நம்மிடையே மிகுதி. இரு சாராருக்கும் பொதுவான ஒன்று, எந்தச் சாற்றையும் வடித்துப் பார்த்ததில்லை என்பது. சேஷாத்திரி வடித்துப் பார்த்தவர். பார்த்ததை மட்டும் எழுதியவர். தம் சேர்மங்களுக்கு நோய் தீர்க்கும் புகழைத் தாமே சூட்டி விற்க முனையாதவர். அவர் அறுதியிட்ட அமைப்பு வாய்பாடுகள் இன்றும் பின்வந்தோர்க்குப் படிக்கல்லாக இருக்கின்றன.

1965இல் பணி ஓய்வு பெற்ற பின்னும் தகைசால் பேராசிரியராகத் தில்லியில் ஆய்வைத் தொடர்ந்தார். முதுமையில் அவர் மனம் மரங்களின் வயிரத்தின்மேல் சென்றது. வேங்கை, செம்மரம், நூக்கம் ஆகியவற்றின் நிறங்கள் எங்கிருந்து வருகின்றன என்று தேடினார். பூத்த வேங்கையைப் புலியென்று மயங்கிய களிற்றைச் சங்கப் புலவர்கள் பாடினர். அம்மரத்தின் உள்வயிரத்தில் மஞ்சளும் சிவப்புமாகப் பொதிந்துள்ள பொருள்களை இவர் ஒவ்வொன்றாகப் பெயர்சொல்லி அடுக்கினார். இவ்விரு மரக்குடிகளின் பாலிஃபீனால்களைத் தொகுத்து அவர் எழுதிய நீண்ட கட்டுரை 1972இல் வெளியாயிற்று. கடப்பை மலைச் செம்மரத்துச் சாண்டலின் என்ற செந்நிறப் பொருள் பல நாட்டு ஆய்வாளருக்கும் நெடுங்காலம் பிடிகொடாமல் இருந்தது. அதன் சிக்கலை அவிழ்க்கும் முயற்சியில் எழுபது வயதைக் கடந்த பின்னும் ஈடுபட்டிருந்தார்.

1975 செப்டம்பர் 27ஆம் நாள் அவர் மறைந்தார். ராயல் கழகம் தன் உறுப்பினர் நினைவாக வெளியிடும் வாழ்க்கைக் குறிப்பு 1979இல் வந்தது. எழுதியோர் இருவர். ஒருவர், வால்டேரில் அவரோடு புங்கின் வேரையும் விதையையும் ஆராய்ந்த இரங்கசாமி. மற்றவர் வில்சன் பேக்கர் என்னும் ஆங்கிலேயர். சேஷாத்திரி முனைவர் பட்டம் பெற்ற அதே 1929இல், இராபின்சனோடு சேர்ந்து பருத்திப் பூவின் மஞ்சள் நிறமியான கோசிபெட்டினை ஆய்வுக்கூடத்தில் கட்டிக் காட்டியவர் அவர்.